பிரேக் வேறு, எஞ்சின் வேறு

அம்மா விழுந்ததற்குக் காரணம் அப்பாவின் கால் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். காரணம் ஒரு திருகு. அதைத் திருப்பியவன் நான். இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் வெளியே சொல்லாதே என்றார், இன்னொருவர் நம்பவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு பீடோங்கிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்தில், லைன் வீடுகளில் கடைசி. அப்பா குலை அறுப்பவராக இருந்தார். ஒரு மழைநாளில் குலை ஒன்று தவறி அவருடைய இடது முழங்காலில் விழுந்தது. அதன் பிறகு நடக்க முடிந்தது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. நான் பாலிடெக்னிக் முடித்து, கூலிம் ஹைடெக் பூங்காவில் டெக்னீஷியன் வேலைக்குச் சேர்ந்ததும் அவருக்காக ஆட்டோ கியர் காடி ஒன்று தேடினேன். காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். கிடைத்தது பழைய மாடல். கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத, கார்புரேட்டர் வைத்த எஞ்சின். பெயின்ட் வெளுத்திருந்தாலும் ஏர்கோன் நன்றாகக் குளிர்ந்தது. அம்மாவுக்கு அது முக்கியம்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சுங்கை பட்டாணியில் ஒரு நிலையத்தில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு அவருக்கென்று ஓர் இயந்திரம் காத்திருக்கும். பதினோரு மணிக்கு அடுத்தவர் அதில் படுக்க வேண்டும். நாம் அரை மணி நேரம் தாமதமாகப் போனால் அந்த அரை மணி நேரம் போனதுதான். அப்படிப் போன நாள்களில் சாயங்காலத்துக்குள் அம்மாவின் கணுக்கால் வீங்கிவிடும், படுத்தால் மூச்சு இழுக்கும். எனக்கோ பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அதனால் அப்பாதான் ஓட்டிக்கொண்டு போவார்.

வாங்கி ஆறு மாதத்தில் காடி சிக்னல் விளக்குகளில் நின்றுபோக ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்கில் நிறுத்தியதும் எஞ்சின் நடுங்கும், ஒரு தும்மல் தும்மும், பிறகு சத்தமே இருக்காது. சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும். பின்னால் லோரிக்காரர்கள் ஹார்ன் அடிப்பார்கள். ஒரே வாரத்தில் இரண்டு நாள் அம்மா தாமதமாகப் போனார்.

அந்தப் புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் பின்சீட்டில். பார்த்தால் அப்பா இரண்டு காலாலும் ஓட்டுகிறார். விளக்கில் நிற்கும்போது நோவெடுத்த இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்ஸிலேட்டரில். எஞ்சின் உறுமி முன்னே இழுக்க, அதைப் பிரேக்கால் பிடித்து வைத்திருந்தார். முழங்கால் சிலுவார்த் துணிக்குள் நடுங்குவது பின்னாலிருந்தே தெரிந்தது.

“என்னப்பா இது, ரெண்டு காலாலயும் ஓட்றீங்க?”

“மின்யாக் அமுக்கிக்கிட்டே இருந்தாத்தான்டா உசுரோட இருக்கும். கால எடுத்தா செத்துப் போவும்.” ஆக்ஸிலேட்டரைத்தான் அவர் மின்யாக் என்பார்.

“ஒங்கப்பா கோலாட்டம் ஆடுறாரு,” என்றார் அம்மா. “கையில ரெண்டு குச்சியும் குடுத்துட்டா கோயில் திருவிழாவுக்கே கூட்டிப் போயிரலாம்.”

“நீ வாய மூடிட்டு வா. ஓட்றவனுக்குத்தான் தெரியும்.” பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஆனா ஒண்ணுடா. பிரேக்குல கால வெச்சாத்தான் இந்த ஆட்டம். ஹேண்ட்பிரேக்க இழுத்துட்டு கால எடுத்துட்டேன்னா அவ்வளவா ஆடல. பிரேக்க அமுக்குறப்ப உள்ள யாரோ மூச்சு விடுற மாரி உஸ்ஸுன்னு சத்தம் வேற.”

நான் சிரித்தேன். நல்லபடியாகத்தான் சிரித்தேன், இருந்தாலும் சிரித்தேன்.

“பிரேக் வேற, எஞ்சின் வேறப்பா. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. இது ஐட்லிங் பிரச்சன. நிக்கிறப்ப எஞ்சின் ஓடுற வேகம் கொறஞ்சு போச்சு, அவ்ளோதான். நான் பாத்துக்குறேன்.”

“சரிலா. நீ படிச்சவன்.”

அதில் கேலி இல்லை. அப்பா அந்தச் சொல்லைக் கேலியாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பதின்மூன்று வயதில், முதலாம் படிவத்தில் இருந்தபோதே வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் படித்துச் சொல்வேன். தோட்ட அலுவலகக் கடிதம், மருத்துவமனைச் சீட்டு, மின்சார வாரியத்தின் எச்சரிக்கை, எதுவானாலும் நான் இதுதான் என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும். மூச்சு விடும் சத்தத்தைப் பற்றி அப்பா அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐட்லிங் என்பது எளிய விஷயம். எஞ்சினுக்குள் போகும் காற்றை ஒரு வட்டத் தகடு கதவு மாதிரி தடுத்து நிற்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கதவு திறக்கும், காலை எடுத்தால் மூடும். முழுக்க மூடிவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். அதனால் கடைசி மயிரிழை மூடாதபடி ஒரு சின்னத் திருகு முட்டுக்கொடுத்து நிற்கும். திருகை உள்ளே திருப்பினால் இடைவெளி கூடும், நின்ற இடத்திலும் எஞ்சின் வேகமாக ஓடும். வெளியே திருப்பினால் வேகம் இறங்கும். ஏர்கோன் போடும்போது எஞ்சினுக்குச் சுமை ஏறும் என்பதால் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க ஒரு சிறு ரப்பர் பொறி தனியாக உண்டு. அதைச் சோதித்தேன், சரியாக இருந்தது. புதுக் காடிகளில் இதையெல்லாம் கம்ப்யூட்டரே நொடிக்கு நொடி பார்த்துக்கொள்ளும். பழைய காடிக்கு ஓர் ஆள் வேண்டும்.

தொழிற்சாலையில் என் வேலையும் ஏறக்குறைய இதுதான். இயந்திரத்தில் ஓர் அளவு இறங்கினால் ஷிப்ட் நடுவில் அதைப் பிரித்துப் போட முடியாது, லைன் நின்றுபோகும். ஆஃப்செட் என்று ஓர் எண் இருக்கிறது. அதைக் கூட்டி அளவை மேலே தள்ளிவிட்டு, லைனை ஓடவிட்டு, அடுத்த ஷிப்ட்காரருக்குக் குறிப்பு எழுதி வைப்போம். நான் அதில் கெட்டிக்காரன். லைனை நிற்க விடாதவன் என்று சூப்பர்வைசரிடம் பெயர் வாங்கியவன். ஒரே மாதத்தில் ஒரே ஆஃப்செட்டை மூன்று தடவை கூட்ட வேண்டி வந்தால், அதற்கு மேல் எண்ணைத் தொடாதே, இயந்திரத்தைத் திறந்து பார் என்பதும் எங்கள் விதி. எனக்கு அது மனப்பாடம்.

சனிக்கிழமை காலையில் முன்மூடியைத் திறந்து திருகை அரைச் சுற்று உள்ளே திருப்பினேன். நடுக்கம் நின்றது. எஞ்சின் ஒரே சீராக இரைந்தது. அப்பாவை ஓட்டச் சொல்லி, ஒரு காலை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். தோட்டத்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். காடி சாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “ஒரே ஒரு ஸ்குருட்ரைவர்லா. பெங்கெலுக்குப் போயிருந்தா எஞ்சினையே கழட்டிருப்பானுங்க,” என்றார். பெங்கெல் என்றால் பட்டறை. பட்டறைக்குப் போகாமலே முடித்துவிட்டதில் எனக்கும் பெருமைதான்.

பத்து நாளில் மறுபடி லேசாக நடுங்கியது. இன்னொரு அரைச் சுற்று. மாதக் கடைசியில் மறுபடியும். அப்போது வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், சட்டையில் அழுக்குப் படாமல் எட்டி நின்று திருப்பினேன். அது மூன்றாம் தடவை. எண்ணிக்கை எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அம்மா ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகவில்லை. கணுக்கால் வற்றியிருந்தது. இட்லி கேட்டுச் சாப்பிட்டார்.

வேகம் ஏறியதால் ஒரு தொல்லை வந்தது. நிற்கும்போது எஞ்சின் அவ்வளவு வேகமாக ஓடினால், கியரை நகர்த்தும்போது காடி ‘டக்’கென்று உதைக்கும். டயாலிசிஸ் முடிந்த உடம்புக்கு அந்த உதை ஆகாது. அம்மா முகம் சுளிப்பார். அதற்காக அப்பா ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். வீட்டில் கிளம்பும்போது கியரை ஒரு தடவை போடுவார், அதற்கப்புறம் அம்மா இறங்கும்வரை அதைத் தொடமாட்டார். விளக்கானாலும் சரி, நிலையத்து முகப்பானாலும் சரி, பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பார். இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். யாரும் மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை.

அது ஒரு திங்கட்கிழமை. நிலையத்து முகப்பில் அப்பா நிறுத்தியிருக்கிறார். தாதி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்திருக்கிறார். பின்சீட்டில் போர்வையும் ரொட்டியும் வைத்த பை இருந்தது. அதை எடுக்க அப்பா திரும்பியபோது பிரேக்கில் கால் கொஞ்சம் இளகியிருக்க வேண்டும். காடி பாய்ந்தது. அப்பா திரும்பவும் மிதித்திருக்கிறார். பிரேக் கல் மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். திறந்திருந்த கதவு அம்மாவை இழுத்துத் தள்ளியது. காடி பூந்தொட்டி ஒன்றில் முட்டித்தான் நின்றது.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சிறுநீரகம் போனவர்களுக்கு எலும்பு பிஸ்கட் மாதிரி என்று டாக்டர் சொன்னார்.

நான்காம் நாள், உடைந்த விளக்கை மாற்றக் காடியைப் பீடோங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மெக்கானிக் சீனர். பட்டறை முதலாளியும் அவரே, தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தமிழ் எங்களைப்போலவே பேசுவார். விளக்கைப் பார்ப்பதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். உடனே புருவத்தை உயர்த்தினார்.

“அய்யோ தம்பி, இது காடியா, ஏரோப்ளேனா?”

பிரேக்கை ஒரு தடவை அமுக்கினார். காதை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோனார். இன்னொரு தடவை அமுக்கினார். பிறகு இறங்கி வந்து, எஞ்சினிலிருந்து பிரேக் பெட்டிக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைப் பிடுங்கி, அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். எஞ்சின் அலறியது. பட்டறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவு மூடியிருக்கும்போது எஞ்சின் உள்ளே உறிஞ்சும் அந்த இழுப்பைத்தான் பிரேக்கும் கடன் வாங்குகிறது. நம் கால் கொடுக்கும் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுப்பது அதுதான். பிரேக் பெட்டிக்குள் இருக்கும் ரப்பர் கிழிந்துபோனால், எப்போதும் கொஞ்சமும், மிதிக்கும்போது நிறையவும் அந்தக் கிழிசல் வழியாகத் தேவையில்லாத காற்று எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் தடுமாறும், நான் திருகால் ஏற்றிய வேகம் அதை மறைத்துவிடும். பிரேக்கும் கல்லாகும். மிதித்தால் உஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம் வரும். அப்பா சொன்னதில் ஒரு சொல் பிசகில்லை.

“பிரேக்கு ரப்பர் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு,” என்றார் மெக்கானிக். “ஐட்லிங் எறங்கிருக்கும். செத்து செத்துப் போயிருக்கும். அதுவே நல்லது தம்பி, செத்துப் போனா ஓடாதுல்ல? எந்த மடையன் இத இவ்ளோ ஏத்தி வெச்சது?”

“தெரியல தவுக்கே,” என்றேன். “வாங்கும்போதே அப்பிடித்தான் இருந்திச்சு.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டார். கிழிந்த ரப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா கூலிமிலிருந்து மருத்துவமனைக்கு வந்தார். அம்மாவின் அண்ணன். முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். வார்டுக்கு வெளியே, பத்துப் பேர் முன்னால் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

“கால்ல சத்து இல்லாதவன் காடி ஓட்டாதன்னு நான் சொன்னேனா இல்லியா மாப்ள? எந்தங்கச்சி என்னா குலையா, நீ இழுத்துட்டுப் போறதுக்கு?”

“கால் வழுக்கிருச்சு மச்சான்.”

“வழுக்கிருச்சாம்! இந்தா நிக்கிறான் பாரு, குடும்பத்துலயே ஒருத்தன் படிச்சான். அவன் சம்பாரிச்சு வாங்கிக் குடுத்தான். அத ஒழுங்கா மிதிக்கத் தெரியல ஒனக்கு.”

கிழிந்த ரப்பர் என் பைக்குள் இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும். நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே போனேன்.

அறுவை சிகிச்சை முடிந்தது. டயாலிசிஸுக்கு அம்மாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். நெஞ்சில் சளி கட்டியது. மூன்றாம் வாரம் அம்மா போய்விட்டார்.

கருமாதி முடிந்த அடுத்த வாரம். அப்பா குழாயடியில் குந்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். திருகு, மூன்று தடவை, ரப்பர், பட்டறையில் சொன்ன பொய், எதையும் விடவில்லை. அவர் கத்தியை நிறுத்தவில்லை.

“தெரியும்டா,” என்றார்.

“எப்பிடிப்பா?”

“நீ முறுக்குனப்புறமும் அந்தச் சத்தம் நிக்கலியே. பிரேக்கும் வர வர இறுகிட்டே வந்திச்சு.”

“அப்ப ஏம்ப்பா சொல்லல?”

“சொன்னேனே. நீதான் அது வேற, இது வேறன்ன. எனக்குத்தான் வெளங்கல போலன்னு விட்டுட்டேன்.” குற்றம் சாட்டும் குரல் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். மீன் குடலை எடுத்துப் பூனைக்கு எறிந்தார். “மெக்கானிக்கத் தவிர வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

“அப்ப விடு. ஒங்க மாமாகிட்ட போய் ஒளறி வெக்காத. கூலிம்ல பாக்குறவன்கிட்டயெல்லாம் எம் மருமவன் ஹைடெக்ல இஞ்சினியருன்னு சொல்லிட்டுத் திரியிறாரு. எங்காலுன்னே இருக்கட்டும். அது ஏற்கெனவே கெட்டுப்போன காலுதான்.”

நான்கு மாதம் விட்டேன். பிறகு மாமா வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் பத்திரிகை வந்தது. என் பெயருக்கு மட்டும். அப்பா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும். “போய்ட்டு வா. போவாட்டி நல்லாருக்காது,” என்றார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ஞாயிறு மோட்டார் சைக்கிளில் கூலிம் போனேன். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரப்பரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். அவசரத்தில் நான் பேசியது வகுப்பில் பேசுவதுபோலவே இருந்தது. இழுப்பு, கலவை, அழுத்தம் என்று என்னென்னவோ. மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். ரப்பரை விரலால் இழுத்துப் பார்த்தார்.

“இது அந்தக் காடியோடதுதான்னு எப்பிடி நம்புறது? பெங்கெல்ல இந்த மாரி நூறு கெடக்கும்.”

“நெஜமாத்தான் மாமா. நான்தான் முறுக்குனேன். அப்பா மேல தப்பே இல்ல.”

“தம்பி, நான் லோரி ஓட்டுனவன். பிரேக்க புடிச்சா வண்டி நிக்கும். நிக்கலன்னா புடிக்கல. இதுல ஸ்குருவு எங்கேருந்து வந்திச்சு?” ரப்பரை என் மடியில் போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. “அப்பன காப்பாத்த வந்திருக்க. நல்ல புள்ளதான் நீ. படிச்சவன், கோர்வையா சொல்ற. ஆனா என்கிட்ட பொய்யி, பொஹோங்கெல்லாம் சொல்லாத. செத்துப் போனவ எந்தங்கச்சி.”

அத்தை உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். மெக்கானிக்கிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம், பீடோங் ஒன்றும் தூரமில்லை. செய்யவில்லை. திரும்பி வரும்போது உடம்பு லேசாக இருந்தது. சொல்லிவிட்டதால்தான் என்று நினைத்தேன். சுங்கை பட்டாணி தாண்டும்போதுதான் தெரிந்தது, அவர் நம்பாததால் என்று.

காடியை விற்றுவிட்டோம். அப்பா இப்போது பஸ்ஸில் போகிறார், படியில் ஏற இடது காலைக் கையால் தூக்கி வைக்கிறார். பெரிய மாமா அவரோடு பேசுவதில்லை, என்னோடு பேசுகிறார். போன மாதம்கூடப் போனில் கூப்பிட்டார். பேரன் பள்ளிப் படிப்பை முடிக்கப் போகிறானாம், நான் படித்த கோர்ஸ் நல்லதா என்று கேட்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் குரலை அடையாளம் கண்டதும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, எனக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று எழுந்து பின்கட்டுக்குப் போனார்.

“நல்ல கோர்ஸ்தான் மாமா,” என்றேன்.